அறிந்தபின் மறைப்போம்

நுழையும்முன்

வீட்டுக் கணினியைத் திறந்து பார்த்தால், நாம் உருவாக்காத சில கோப்புறைகள் கண்ணில் படுகின்றன. அவை எதற்காக இருக்கின்றன என்று அறியாமல் அவற்றை அழித்துவிடுவோர் உளர். அஞ்சி ஒதுங்குவோரும் உளர். அவற்றை மறைத்துவைக்கும் வசதியைக் கணினியே நமக்குத் தருகிறது. அவ்வசதி எவ்வாறு பிறந்தது, எவ்வாறு இயங்குகிறது, எதைக் காக்கும், எதைக் காக்காது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு கணினி, பல கைகள்

குடும்பத்தின் பொதுக் கணினி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. தந்தையின் கடைக்கணக்கு, தாயின் அலுவலகக் கடிதங்கள், அண்ணனின் கல்லூரித் திட்டக் கட்டுரை, தங்கையின் ஓவியங்கள், தாத்தாவின் மணிவிழாப் படங்கள் என யாவும் ஒரே வன்தட்டில் இடம்பெறுகின்றன. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், நிலப்பத்திரம் ஆகியவற்றின் நகல்களும் அங்கேயே சேமிக்கப்படுகின்றன. ஆதலால் அக்கணினியில் ஒருவர் செய்யும் சிறு மாற்றமும் வீட்டிலுள்ள அனைவரையும் பாதிக்கும்.

வன்தட்டில் குடும்பத்தினர் சேர்த்தவை மட்டும் இருப்பதில்லை. கணினியை நடத்தும் இயக்க அமைப்பு தன் பணிக்கென உருவாக்கிக்கொண்ட கோப்புறைகளும் உள்ளன. வீட்டின் சுவருக்குள் மின்கம்பிகளும் தரைக்கடியில் நீர்க்குழாய்களும் செல்கின்றன. குடியிருப்போர் அவற்றை நாள்தோறும் காண்பதில்லை. ஆயினும் விளக்கு எரிவதும் குழாயில் நீர் வருவதும் அவற்றால்தான். கணினியின் அமைப்புக் கோப்புறைகளும் இத்தகையவையே.

வன்தட்டு நிறையும்போது, இடம் தேடும் ஒருவர் இக்கோப்புறைகளைக் காண நேரிடுகிறது. பெயர் புரியவில்லை, உள்ளே இருப்பதும் விளங்கவில்லை. அப்போது அவர்முன் மூன்று வழிகள் உள்ளன. அழித்துவிடலாம், அப்படியே விட்டுவிடலாம், கண்ணில் படாமல் மறைத்துவைக்கலாம். இம்மூன்றில் எது தக்கது என்பதை முடிவு செய்ய, அக்கோப்புறை இன்னது என்று முதலில் அறிய வேண்டும்.

யார் வைத்தவை?

விண்டோஸ் இயக்க அமைப்பில் இயங்கும் கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ‘சி’ டிரைவில் நாம் உருவாக்காமலே இருக்கும் கோப்புறைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, இயக்க அமைப்பின் உடலாக அமைந்தது. ‘விண்டோஸ்’ என்னும் கோப்புறை இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டாம் வகை, நாம் நிறுவிய மென்பொருள்களின் இருப்பிடமாகும். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்னும் பெயரில் தொடங்கும் கோப்புறைகள் இவ்வகையின. மூன்றாம் வகை, அம்மென்பொருள்கள் தம் நினைவுக்குறிப்புகளை எழுதிவைக்கும் இடமாகும். ‘புரோகிராம்டேட்டா’, ஒவ்வொரு பயனரின் கோப்புறைக்குள்ளும் இருக்கும் ‘ஆப்டேட்டா’ ஆகியவை இதற்குச் சான்றுகள். இணைய உலாவியில் நாம் குறித்துவைத்த பக்கங்களும் சேமித்த கடவுச்சொற்களும் மென்பொருள்களில் நாம் செய்துகொண்ட அமைப்புகளும் ‘ஆப்டேட்டா’வில்தான் உறைகின்றன. நான்காம் வகை, மீட்புக்கும் பராமரிப்புக்கும் உரியது. கணினி பழுதுறும்போது அதனை முன்னைய நிலைக்குக் கொண்டுசெல்ல உதவும் கோப்புகள் இவ்வகைக் கோப்புறைகளில் உள்ளன.

பெயர் புரியாமை இந்நான்கு வகைக்கும் பொதுவானது. ஆயின் அழித்தால் நேரும் விளைவு வகைக்கு வகை வேறுபடும். முதல் வகையில் கைவைத்தால் கணினி தொடங்காமலே நின்றுபோகலாம். மூன்றாம் வகையில் கைவைத்தால், கணினி வழக்கம்போல் இயங்கும். வீட்டிலுள்ள வேறொருவர் பல ஆண்டுகளாகச் சேமித்த குறிப்புகள் மட்டும் ஓசையின்றி மறைந்துபோகும்.

தெரிந்து தெளிவோம்

ரெக்கவரி – கணினி தொடங்க இயலாதபோது மீட்புச் சூழலைத் திறக்க உதவுவது.
சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் – மீட்புப் புள்ளிகள் முதலியவற்றைச் சேமிப்பது.
ரீசைக்கிள் பின் – நாம் நீக்கிய கோப்புகள் முற்றிலும் அழியும்வரை தங்கியிருக்கும் இடம்.
விண்டோஸ் ஓல்ட் – இயக்க அமைப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றியபின், பழைய பதிப்பைச் சில நாள்கள் வைத்திருப்பது.
பெர்ஃப்லாக்ஸ் – கணினியின் செயல்திறன் பற்றிய பதிவுகளுக்கு உரியது.

அறியாமல் அழித்தவர்கள்

பெயர் தெரியாத ஒன்றைத் தீயது எனக் கருதி அழிப்பது எவ்வளவு எளிதில் பரவும் என்பதற்கு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உலவிய இரு மின்னஞ்சல்கள் சான்றாகும். 2001ஆம் ஆண்டில் பரவிய மின்னஞ்சல் ஒன்று, ‘சல்ஃப்என்பிகே’ என்னும் கோப்பு கணினியில் இருந்தால் அது நச்சுநிரல் என்றும் உடனே அழிக்க வேண்டும் என்றும் எச்சரித்தது. அறிவுரைப்படி தேடியவர்களின் கணினிகளில் அக்கோப்பு உண்மையாகவே இருந்தது. ஏனெனில், அது விண்டோஸ் 98 இயக்க அமைப்போடு வந்த கோப்பாகும். நீண்ட கோப்புப்பெயர்களைக் காத்து மீட்டுத் தருவது அதன் பணி.

மறு ஆண்டில் இதே போன்ற மற்றொரு மின்னஞ்சல் பரவியது. இம்முறை குறிவைக்கப்பட்டது, ஜாவா நிரல்களின் பிழைதிருத்தப் பணிக்கு உதவும் ஒரு சிறு கோப்பு. அதன் படவுரு ஒரு கரடிக்குட்டியின் வடிவில் இருந்தது. இயக்க அமைப்பின் கோப்புக்குக் கரடிப்படம் இருக்குமா என்ற ஐயமே பலரை நம்பவைத்தது. நண்பர்களுக்கு நன்மை செய்வதாக எண்ணி அம்மின்னஞ்சலை அவர்கள் பிறருக்கும் அனுப்பினர். இவ்விரு நிகழ்வுகளிலும் நச்சுநிரல் எதுவும் இல்லை. கெடுதியைச் செய்தவை பயனர்களின் கைகளே. அவற்றைச் செய்யத் தூண்டியது பாதி அறிவும் முழு அச்சமும்.

அண்மைக்காலச் சான்று ஒன்றும் உண்டு. 2025 ஏப்ரல் மாதம் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸுக்கு வழங்கிய பாதுகாப்பு இற்றைப்படுத்தலுக்குப் பின், பல கணினிகளின் ‘சி’ டிரைவில் ‘ஐநெட்பப்’ என்னும் புதிய கோப்புறை தோன்றியது. வழக்கமாக, இணையதளங்களை வழங்கும் சேவையகமாகக் கணினியைப் பயன்படுத்துவோருக்கே இக்கோப்புறை உருவாகும். வீட்டுக் கணினிகளில் அதற்கு வேலை இல்லை எனத் தோன்றியது. மேலும், அது வெறுமையாகவும் இருந்தது. எனவே பலர் அதனை நீக்கிவிட்டனர். பின்னர் அந்நிறுவனம், அக்கோப்புறை ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்யும் ஏற்பாட்டின் பகுதி என்றும், அதனை நீக்கக் கூடாது என்றும் அறிவித்தது. நீக்கியவர்கள் அதனைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளும் வழிமுறையையும் வெளியிட்டது.

ஒரு கோப்புறை வெறுமையாக இருப்பதும், அதன் பெயர் விளங்காதிருப்பதும், அது திடீரெனத் தோன்றுவதும் அது வேண்டாதது என்பதற்குச் சான்றுகள் ஆகா என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

மறைத்தல் பிறந்த கதை

பயனர்கள் தவறுதலாகக் கைவைப்பதைத் தடுக்க எளிய வழி, அவற்றைக் கண்ணில் படாமல் செய்வதாகும். இவ்வழி இரு வேறு மரபுகளில் வளர்ந்தது.

முதல் மரபு யூனிக்ஸ் இயக்க அமைப்பினுடையது. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்ச்சி ஆகியோரின் முயற்சியில் யூனிக்ஸ் உருப்பெறத் தொடங்கியது. அதில் ஒவ்வொரு கோப்புறையிலும் ஒற்றைப் புள்ளியாலும் இரட்டைப் புள்ளியாலும் ஆன இரு பதிவுகள் இருந்தன. ஒற்றைப் புள்ளி அக்கோப்புறையையும் இரட்டைப் புள்ளி அதன் மேற்கோப்புறையையும் குறித்தன. கோப்புகளைப் பட்டியலிடும்போது இவ்விரு பதிவுகளும் வீணே தோன்றின. அவற்றைத் தவிர்க்க, பெயரின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் அதனைக் காட்ட வேண்டா என்று நிரலில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. இரு பதிவுகளை மறைக்க எழுதிய அவ்வரி, புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களையும் மறைத்துவிட்டது. இது திட்டமிட்டு உருவாக்கிய வசதியன்று என்றும், குறுக்குவழியாக எழுதிய ஒரு வரியின் எதிர்பாரா விளைவு என்றும் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் பதிவு செய்துள்ளார். லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் புள்ளியில் தொடங்கும் கோப்புறைகள் இன்றும் மறைந்திருப்பது இம்மரபின் தொடர்ச்சியே.

இரண்டாம் மரபு, 1981ஆம் ஆண்டு ஐபிஎம் தனிநபர் கணினியோடு வெளிவந்த டாஸ் இயக்க அமைப்பின் வழி வந்தது. டாஸ் பயன்படுத்திய ‘ஃபேட்’ கோப்பு முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் நீளமுள்ள ஒரு பதிவு உண்டு. முதல் 11 பைட்டுகளில் கோப்பின் பெயரும் வகையும் இருக்கும். 12ஆவது பைட்டு அக்கோப்பின் பண்புகளைக் குறிக்கும். அதன் எட்டுப் பிட்டுகளுள் ஒன்று, கோப்பினைப் படிக்க மட்டும் இயலும் என்பதைச் சொல்லும். அதன் மதிப்பு 1. அடுத்தது, கோப்பு மறைந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும். அதன் மதிப்பு 2. அதற்கடுத்தது, கோப்பு இயக்க அமைப்புக்கு உரியது என்பதைச் சொல்லும். அதன் மதிப்பு 4. கணினியைத் தொடங்கிவைக்கும் முதன்மையான இரு கோப்புகளுக்கு மைக்ரோசாஃப்டின் டாஸ், மறைவு, அமைப்பு என்னும் இரு பண்புகளையும் சேர்த்தே வழங்கியது. இன்றைய விண்டோஸும் இப்பண்புகளை இதே மதிப்புகளுடன் பயன்படுத்துகிறது.

இரு மரபுகளிலும் ஒரு பொதுமை உண்டு. மறைத்தலின்போது கோப்பு இடம் மாறுவதில்லை, சுருங்குவதில்லை, பூட்டப்படுவதுமில்லை. முதல் மரபில் பெயரின் முன் ஒரு புள்ளி; இரண்டாம் மரபில் ஒரே ஒரு பிட். அக்குறியைக் கண்டதும் பட்டியலிடும் மென்பொருள் அப்பெயரைச் சொல்லாமல் கடந்துசெல்கிறது. அவ்வளவே. ஆதலால் மறைத்துவைத்தால் வன்தட்டில் இடம் மிச்சமாகும் என்று கருதுவது தவறு.

தெரியுமா?

ஒரு பென்டிரைவைப் பல கருவிகளில் செருகினால், ஒவ்வொரு கருவியும் தன் அடையாளத்தை அதில் விட்டுச்செல்வதுண்டு. விண்டோஸ் 8 முதலான பதிப்புகள் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்னும் கோப்புறையை உருவாக்கும். மேக் கணினி, புள்ளியில் தொடங்கும் சில கோப்புறைகளை உருவாக்கும். ஆண்ட்ராய்டு கருவியில் இருந்த நினைவக அட்டையில் ‘லாஸ்ட் டிர்’ என்னும் கோப்புறை காணப்படும். ஒரு கருவி மறைத்துவைத்த கோப்புறை, மறைவுக்குறியைப் பொருட்படுத்தாத வேறொரு கருவியில் வெளிப்படையாகத் தெரியும். வீட்டில் காணாத கோப்புறை நகலகத்துக் கணினியில் தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மறைக்கும் முறை

விண்டோஸில் மறைத்தல் இரு நிலைகளில் நிகழ்கிறது. மறைவுப் பண்பு மட்டும் பெற்றவை முதல் நிலையின. ‘புரோகிராம்டேட்டா’, ‘ஆப்டேட்டா’ ஆகியவை இதில் அடங்கும். மறைவு, அமைப்பு ஆகிய இரு பண்புகளையும் பெற்றவை இரண்டாம் நிலையின. ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’, ‘ரீசைக்கிள் பின்’ ஆகியவை இதில் அடங்கும்.

விண்டோஸ் 11இல் கோப்புகளைக் காட்டும் ‘ஃபைல் எக்ஸ்புளோரர்’ சாளரத்தைத் திறந்து, ‘வியூ’ பட்டியில் ‘ஷோ’ என்பதைத் தேர்ந்து, ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பதன் எதிரே உள்ள குறியை நீக்கினால் முதல் நிலைக் கோப்புறைகள் மறையும், குறியிட்டால் தோன்றும். இரண்டாம் நிலைக்கு, ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ பெட்டியின் ‘வியூ’ பகுதியில் தனி வரி ஒன்று உள்ளது. பாதுகாக்கப்பட்ட இயக்க அமைப்புக் கோப்புகளை மறைக்கும்படி அவ்வரி பரிந்துரைக்கிறது. அதிலுள்ள குறியை நீக்க முயன்றால், கணினி எச்சரித்து உறுதி கேட்கும். வீட்டுக் கணினியில் இக்குறி எப்போதும் இருத்தல் நலம். முன்பு யாரேனும் எதையோ தேடும்பொருட்டு இக்குறிகளை மாற்றிவிட்டு, மீண்டும் பழைய நிலைக்குக் கொணர மறந்திருந்தாலும் அறியாத கோப்புறைகள் திரளாகத் தோன்றும். அப்போது எதையும் அழிக்கத் தேவையில்லை. குறிகளை முன்போல் அமைத்தாலே போதும்.

இன்னதென்று அறிந்த, ஆயினும் பிறர் கண்ணில் படத் தேவையில்லாத தனிக் கோப்புறை ஒன்றை மறைக்க வேண்டுமாயின், அதன்மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, ‘புராப்பர்ட்டீஸ்’ பெட்டியைத் திறந்து, ‘ஹிடன்’ என்னும் கட்டத்தில் குறியிட வேண்டும். அக்கோப்புறையை மட்டும் மறைப்பதா, உள்ளிருப்பவற்றையும் சேர்த்து மறைப்பதா எனக் கணினி கேட்கும். கோப்புறையை மட்டும் மறைத்தாலே போதுமானது. மென்பொருள்கள் தமக்கு வேண்டிய கோப்புறையை அதன் முகவரியைக் கொண்டே அடைகின்றன. ஆதலால் மறைப்பதால் அவற்றின் இயக்கம் பொதுவாகத் தடைபடுவதில்லை. பெயரை மாற்றினாலோ வேறிடத்திற்கு நகர்த்தினாலோ முகவரி பிழைபட்டு இயக்கம் தடைபடும்.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. மறைவுக்குறி கோப்புறையின்மேல் இடப்படுவது. அது அனைவருக்கும் பொது. மறைந்தவற்றைக் காண்பதா வேண்டாவா என்னும் தேர்வோ ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனி. எனவே, கணினியைப் பராமரிப்பவர் தம் கணக்கில் அனைத்தையும் காணலாம். அதே வேளையில் பிறர் கணக்குகளில் அவை மறைந்தே இருக்கும்.

மறைத்தல் பூட்டு அன்று

மறைத்தல் கைதவறுதலைத் தடுக்கும். வேண்டுமென்றே தேடுபவரைத் தடுக்காது. ஒரே ஒரு குறியை மாற்றினால் மறைந்தவை அனைத்தும் வெளிப்படும். ஆதலால் நிலப்பத்திரத்தின் நகலையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் மறைத்த கோப்புறையில் வைத்துவிட்டு, அவை பாதுகாப்பாக உள்ளன என்று நம்புதல் கூடாது.

உண்மையான பாதுகாப்பைத் தருவது உரிமைப் பகுப்பாகும். குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் அமைக்கலாம். ஒருவர் மட்டும் நிர்வாகியாகவும் ஏனையோர் பொதுப் பயனர்களாகவும் இருக்கலாம். பொதுப் பயனர் ஒருவர், நிர்வாகியின் இசைவின்றி ‘விண்டோஸ்’ கோப்புறையிலோ ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையிலோ மாற்றம் செய்ய இயலாது. மற்றொருவரின் தனிக் கோப்புறையையும் திறக்க இயலாது. இதனோடு, அரிய படங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் வேறொரு வட்டில் காப்புநகல் எடுத்து வைத்தலும் இன்றியமையாதது. உரிமைப் பகுப்பையும் மீறி ஒரு கோப்பு அழிய நேரிட்டால் காப்புநகல் ஒன்றே கைகொடுக்கும்.

மறைவின் மறுபக்கம்

நன்மைக்காக ஏற்பட்ட மறைவைத் தீங்கு செய்வோரும் பயன்படுத்துகின்றனர். 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகெங்கும் பரவிய ‘ஐ லவ் யூ’ என்னும் தீநிரல் இதற்குச் சான்று. காதல் கடிதம்போல் தோன்றிய அதன் கோப்புப்பெயரின் இறுதியில் அது ஒரு நிரல் என்பதைக் காட்டும் வகைக்குறி இருந்தது. விண்டோஸ் அவ்வகைக்குறியை இயல்பாகவே மறைத்துவந்ததால், பலர் அதனை வெறும் உரைக்கோப்பு என எண்ணித் திறந்தனர். அத்தீநிரல் கணினியிலிருந்த இசைக்கோப்புகளை மறைத்து, அவற்றின் பெயரைக்கொண்டு தன் நகல்களை வைத்தது.

பென்டிரைவ் வழியாகப் பரவும் சில தீநிரல்களும் இவ்வாறே செயல்படுகின்றன. அவை நம் கோப்புறைகளுக்கு மறைவு, அமைப்பு ஆகிய இரு பண்புகளையும் இட்டு மறைத்துவிடுகின்றன. அதே பெயரில் குறுவழிகளை வைக்கின்றன. குறுவழியைச் சொடுக்கினால் தீநிரல் இயங்கத் தொடங்கும். ‘கோப்புகள் அழிந்துவிட்டன’ எனக் கருதிப் பென்டிரைவையே முழுமையாக அழித்து வடிவமைப்போர், மறைந்திருந்த தம் உழைப்பைத் தாமே இழக்கின்றனர். மறைவின் இயல்பை அறிந்தவரோ, முதலில் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளால் சோதித்து, பின்னர் மறைவுக்குறியை நீக்கித் தம் கோப்புகளை மீட்டுக்கொள்வர்.

கேட்டறிய வேண்டியவை

அறியாத கோப்புறை ஒன்றைக் கண்டால், அதனைத் தொடுமுன் நான்கு வினாக்களுக்கு விடை தேட வேண்டும். அது எவ்விடத்தில் உள்ளது? எந்த நாளில் உருவானது? அந்நாளில் கணினியில் இற்றைப்படுத்தலோ புதிய மென்பொருள் நிறுவலோ நடந்ததா? வீட்டில் வேறு எவரேனும் அதனை உருவாக்கினரா? முதல் இரு விடைகளைக் கோப்புறையின் ‘புராப்பர்ட்டீஸ்’ பெட்டி தரும். மூன்றாம் விடையை இற்றைப்படுத்தல் வரலாற்றுப் பக்கமும் நிறுவிய மென்பொருள்களின் பட்டியலும் தரும். நான்காம் விடையைக் குடும்பத்தினரே தருவர்.

இயக்க அமைப்புக்கோ மென்பொருளுக்கோ உரியது எனத் தெளிந்தால், அதனை அப்படியே விடலாம்; இடையூறாகத் தோன்றினால் மறைக்கலாம். நீக்கத்தக்கது எனத் தெரிந்தாலும் அதற்குரிய வழியிலேயே நீக்க வேண்டும். மென்பொருளின் கோப்புறையை, அம்மென்பொருளை நிறுவல்நீக்கம் செய்வதன் வாயிலாகவும், ‘விண்டோஸ் ஓல்ட்’ கோப்புறையைக் கணினியின் சேமிப்பகத் தூய்மைப்படுத்தும் வசதியின் வாயிலாகவும் நீக்குவதே முறை. விடை கிடைக்காத கோப்புறையை மறைக்கவும் கூடாது. அது தீநிரலின் இருப்பிடமாக இருப்பின், மறைத்தல் அதற்கே துணைசெய்யும். நச்சுநிரல் சோதனை செய்து, கணினி அறிந்தவரைக் கேட்டுத் தெளியும்வரை அது கண்ணெதிரே இருப்பதே நல்லது.

மறைத்தல் என்பது அறிதலுக்கு அடுத்த படியாகும். ஒன்றை அறிந்து மறைத்தவர், என்றேனும் தேவை நேரும்போது அதனைத் திரும்பக் காணவும் அறிவார். குடும்பக் கணினியில் அவர் மறைத்தவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ள அனைவரும் அறிய வைப்பாராயின், அம்மறைவு அனைவருக்கும் காப்பாக அமையும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணினியில் நீங்கள் உருவாக்காத ஐந்து கோப்புறைகளின் பெயர்களை எழுதி, அவை எவ்வகையைச் சேர்ந்தவை எனக் கண்டறிக. எதையும் மாற்றவோ நீக்கவோ கூடாது.
2. யூனிக்ஸ் மரபிலும் டாஸ் மரபிலும் கோப்புகள் மறைக்கப்படும் முறைகளை ஒப்பிட்டு எழுதுக.
3. ‘மறைத்தல் பூட்டு அன்று’ – இக்கூற்றைப் பாடத்தின் துணைகொண்டு நிறுவுக.
4. அறியாத கோப்பை உடனே அழிக்கும்படி கூறும் செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தால், அதனைப் பிறருக்கு அனுப்புமுன் நீங்கள் செய்ய வேண்டியவை குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.